படத்தில் எங்களுக்குப் பச்சை பூசியவர்களுக்கு

படுவான்கரைக் கிராமங்களுக்கு இணைய வலையமைப்புத் திட்டம் வரைகிற அதிகாரிகளுக்கும் பொறியியலாளர்களுக்கும்,

போன மாதம் நடந்த திட்டக் கூட்டத்தில் நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். திரையில் மட்டக்களப்பு மாவட்டப் படம். சிக்னல் கிடைக்கிற இடங்களுக்கெல்லாம் பச்சை பூசியிருந்தது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை முழுக்கக் கடும் பச்சை. மேற்கே எங்கள் படுவான்கரையும் பச்சைதான், கொஞ்சம் வெளிறிய பச்சை. எங்கள் ஊர் ஆஸ்பத்திரி இருக்கிற இடத்தில் விரலை வைத்து, "இங்க ஏற்கெனவே சேவை இருக்கு" என்றார் உங்களில் ஒருவர். தொலைமருத்துவத்துக்கென்று தனி இணைப்புக் கொடுக்கப்போகும் இடங்களின் பட்டியலில் இருந்து அந்தப் பெயர் அப்படியே வெட்டப்பட்டது. அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. யாரும் கேள்வி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து இரண்டு இரவு நித்திரை வராமல் கிடந்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் பேச்சு வாங்கப்போவது நீங்கள் இல்லை, அந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் இரண்டு தாதி மிஸ்மாரும்தான். வெட்டிய பெயர் எதுவென்று உங்களுக்குத் தெரியும்.

நான் முப்பது வருடம் கணிதமும் பிறகு தகவல் தொழில்நுட்பமும் படிப்பித்து ஓய்வுபெற்றவன். எனக்குத் தெரிந்த வலையமைப்பு அறிவு பள்ளிக்கூட அளவுதான். ஆனால் உங்கள் படம் அளக்காத ஒன்றை நான் அளந்து வைத்திருக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன்னால் அம்மாவின் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. இருபது வருடமாகச் சீனி வருத்தம். போன வருடம் இடது கால் பெருவிரல் ஓரத்தில் ஒரு புண் வந்தது. விசேட வைத்திய நிபுணர் இருப்பது வாவிக்கு அந்தப் பக்கம். அம்மாவால் பஸ் படியில் ஏற முடியாது. எனவே எங்கள் ஆஸ்பத்திரியில் வைத்தே வீடியோவில் காட்டலாம் என்று ஏற்பாடாயிற்று. நல்ல ஏற்பாடு. அதைச் செய்தவர்களை நான் இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

மிஸ் ஒரு கையில் போனும் மற்றக் கையில் டோர்ச்சுமாகக் குந்தினார். நான் அம்மாவின் குதிக்காலைத் தாங்கிப் பிடித்திருந்தேன். டொக்டரின் முகம் எங்களுக்குத் தெளிவாகவே வந்தது. பின்னால் மாட்டியிருந்த நாட்காட்டியில் தேதிகூடத் தெரிந்தது. "காலைக் கிட்டக் காட்டுங்க" என்றார். காட்டினோம். "இன்னும் கிட்ட." காட்டினோம். "எனக்கு ஒரு சிவப்புக் கட்டைதான் தெரியுது. அந்த ஓரம் கறுத்திருக்கா, இல்ல நிழலா?" மிஸ் பதில் சொல்ல வாயெடுத்தார். படம் நின்றுவிட்டது. பாதி திறந்த வாயோடு டொக்டர். அம்மா அந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "டொக்டருக்கு என்ன நடந்த மனே? அசையாம இரிக்கார்."

நாலு தரம் எடுத்துப் பார்த்தோம். கடைசியில் சாதாரண அழைப்பில் வந்து, "நேரிலயே கூட்டி வாங்க" என்றார். அடுத்த நாள் விடிய ஐந்தரை பஸ்ஸுக்கு அம்மாவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போய் நின்றோம். அன்றைக்கு யானை றோட்டில் நின்றதால் பஸ் வரும்போது ஏழு மணி. அங்கே போய்ச் சேர நம்பர் முடிந்துவிட்டது. மறுநாள்தான் பார்த்தார்கள். மூன்று கிழமைக்குப் பிறகு அந்த விரலை எடுத்தார்கள்.

இணையம் ஒழுங்காக இருந்திருந்தால் விரல் தப்பியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அதைச் சொல்லும் தகுதி எனக்கில்லை. நான் கேட்பது ஒன்றைத்தான்: டொக்டரை நாங்கள் அவ்வளவு தெளிவாகப் பார்த்தோம், அவரால் ஏன் எங்களைப் பார்க்க முடியவில்லை?

இதை எங்கள் ஊர் ஆட்களுக்கு நான் இப்படித்தான் விளங்கப்படுத்துகிறேன். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயிலில் சடங்கு நடக்கும்போது ஒலிபெருக்கிச் சத்தம் மூன்று வயல்வட்டை தாண்டிக் கேட்கும். அங்கே வரம்பில் நிற்கிறவன் திருப்பிக் கூப்பிட்டால் கோயிலில் கேட்குமா? டவர் ஒவ்வொரு திசைக்கும் பல பத்து வாட் வலுவில் பேசுகிறது. கையில் இருக்கும் 4ஜி போன் பேசுவது ஆகக்கூடியது 0.2 வாட்டில். போனில் நாலு கோடு காட்டுகிறது என்றால் டவர் சொல்வது நமக்குக் கேட்கிறது என்றுதான் அர்த்தம். நாம் சொல்வது டவருக்குக் கேட்கிறதா என்பது வேறு கதை. போதாததற்கு, வீடுகளுக்கு விற்கிற 4ஜி ரவுட்டர் இணைப்புகளில் பல, ஒரே அலைவரிசையை டவுன்லோடுக்கும் அப்லோடுக்கும் மாறி மாறிப் பயன்படுத்துகின்றன. அந்த நேரப் பங்கீட்டில் பெரும் பங்கு டவுன்லோடுக்கே போகிறது. நாடகம் பார்க்கிறவர்களுக்கு அது சரி. நோயாளியின் பக்கம் அப்படியில்லை. புண்ணின் படம், இசிஜி, எக்ஸ்ரே, மூச்சு வாங்கும் குழந்தையின் நெஞ்சு, எல்லாமே இங்கிருந்து அங்கே போக வேண்டியவை. கிராமத்து ஆஸ்பத்திரி அனுப்புகிற இடம். நீங்கள் அதைப் பெறுகிற இடமாக வைத்து வலை பின்னுகிறீர்கள்.

அளந்தேன் என்று சொன்னேனே. ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, ஆறு கிழமை, கிளினிக் நாட்களில் காலை எட்டரைக்கும் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் மூன்று இடங்களில் பார்த்து எழுதினேன்: றோட்டு வாசல், நோயாளர் இருக்கும் வாங்கு, புண் கட்டும் அறை. வாசலில் டவுன்லோட் செக்கனுக்கு 15 மெகாபிட்டுக்குக் கீழே போன நாள் இல்லை. உங்கள் வாகனம் அளந்துகொண்டு போனதும் அந்த றோட்டால்தானே. புண் கட்டும் அறையில் அப்லோட் பெரும்பாலான நாட்களில் அரை மெகாபிட்டைத் தொடவில்லை. வாசலுக்கும் அந்த அறைக்கும் இடையில் முப்பது அடி. நடுவில் கம்பி கட்டிய கொங்கிறீட், மேலே தகரம். உங்கள் பச்சை அந்த முப்பது அடியைத் தாண்டவில்லை.

இன்னொன்றும் எழுதி வைத்தேன். வேகம் எவ்வளவு என்பதைவிட, பத்து நிமிடத்தில் எத்தனை தரம் அறுந்தது என்று. சராசரி போட்டால் அழகாகத்தான் வரும். ஆனால் டொக்டர் "மாத்திரையை ராத்திரி பாதியாக..." என்று சொல்லும் இடத்தில் ஐந்து செக்கன் அறுந்தால் அந்தச் சராசரியால் எங்களுக்கு என்ன பயன்? பாதியாகக் குறைக்கவா, பாதியாகக் கூட்டவா? எங்கள் பக்கம் பார்க்கிற நிபுணர்களில் சிங்களம் மட்டும் பேசுகிறவர்களும் உண்டு. மிஸ் கேட்டு, விளங்கி, அம்மாவுக்குத் தமிழில் சொல்லி, அம்மா சொல்வதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு மொழி பாய்கிற பேச்சில் ஒரு சொல் விழுந்தால் இரண்டு சொல் விழுந்த மாதிரி. பேச்சுக்கு ஒரு திசைத் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருப்பது நல்லது என்று சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமே பரிந்துரைக்கிறது. வேக அளவோடு தாமதத்தையும் அறுந்த தடவைகளையும் உங்கள் படம் ஏன் காட்டுவதில்லை?

நாங்கள் கொழும்பு வேகம் கேட்கவில்லை. இதை நம்புங்கள். ஒரு வீடியோ ஆலோசனைக்கு இரண்டு பக்கமும் ஒரு மெகாபிட் நிலையாக நின்றால் போதும். இசிஜி தாளின் படம் அதைவிடச் சிறிய பாடு. கனமானது எக்ஸ்ரே. 20 மெகாபைட் (ஒரு பைட் எட்டு பிட்) டிஜிட்டல் எக்ஸ்ரே ஒன்று அரை மெகாபிட் அப்லோடில் போய்ச்சேர ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுக்கும், அதுவும் இடையில் அறாமல் இருந்தால். ஐந்து மெகாபிட் கிடைத்தால் அரை நிமிடம் சொச்சம். பழைய கணக்கு வாத்தி, கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை.

அப்புறம், எல்லாவற்றுக்கும் வீடியோ வேண்டும் என்பதும் இல்லை. புண்ணை நல்ல வெளிச்சத்தில் நாலு படம் எடுத்து, சீனி அளவு எழுதின கிளினிக் கொப்பிப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பினால், நிபுணர் பின்னேரம் ஆறுதலாகப் பார்த்துப் பதில் எழுதலாம். லைன் அறுந்தாலும் விட்ட இடத்தில் இருந்து தானாகவே தொடர்ந்து அனுப்பும் செயலிகள் உண்டு. அம்மாவின் அலுவலுக்கு அதுவே போதுமாக இருந்திருக்கும். இன்றைக்கு அந்தப் படங்கள் மிஸ்ஸின் சொந்தப் போனில், சொந்த டேட்டாவில், வாட்ஸ்அப்பில் போகின்றன. அவருடைய மகளின் பிறந்தநாள் படத்துக்கும் என் அம்மாவின் புண்ணுக்கும் ஒரே பெட்டி. 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிக் கவனத்தோடு கையாளச் சொல்கிறது. மிஸ் சட்டத்தை மீறுகிறார் என்று நான் சொல்ல வரவில்லை. வேறு வழி கொடுக்காமல் விட்டுவிட்டோம் என்கிறேன்.

மின்சாரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் திட்ட அறிக்கையின் சுருக்கத்தில் அந்தச் சொல்லையே நான் காணவில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள், ஞாபகம் இருக்கும். கரண்ட் போய் மூன்று, நாலு மணித்தியாலத்தில் எங்கள் டவரும் படுத்துவிடும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது எங்கள் பக்கம் கரண்டும் சிக்னலும் சோடியாகவே போயின. றோட்டுக்கு மேலால் தண்ணீர் ஓடுகிற நேரம்தான் தொலைமருத்துவம் அதிகம் தேவைப்படுகிற நேரம். பாம்புக்கடியும் அந்த நாட்களில்தான் கூட வரும். சூரியன் படுகிற கரை என்றுதான் இதற்குப் படுவான்கரை என்று பெயர். சிக்னலும் சேர்ந்து படுக்க வேண்டும் என்று முன்னோர் நினைத்திருக்கமாட்டார்கள்.

டவர் உயிரோடு இருக்கிற நாட்களிலும் ஆஸ்பத்திரி ரவுட்டர் கரண்டோடு சேர்ந்து அணைந்துவிடும். இதற்கு நான் ஒரு வேலை பார்த்தேன். ரவுட்டர் எடுப்பது பத்துப் பன்னிரண்டு வாட். களவு அலாரத்துக்குப் போடுகிற 12 வோல்ட், 7 அம்பியர்மணி பற்றரி ஒன்றை வாங்கி, சார்ஜரோடு ஒரு பழைய பிஸ்கட் டின்னில் வைத்து மாட்டிக் கொடுத்தேன். ஆறு மணித்தியாலம் நிற்கிறது. மிஸ்மார் அதற்கு "சேரின் டின்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகு பார்வையிட வந்த ஒருவர் அனுமதியில்லாத உபகரணம் என்று கழற்றச் சொன்னார். கழற்றி வைத்தோம். அவர் போனதும் திரும்ப மாட்டினோம். இதையும் எழுத்தில் தந்துவிட்டேன், நடவடிக்கை எடுப்பதென்றால் என் மீது எடுங்கள். அனுமதியுள்ள டின் ஒன்று வந்தால் என்னுடையதை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன்.

வாவியைப் பற்றி. மைக்ரோவேவ் தட்டுக்குத் தட்டாகத் தண்ணீருக்கு மேலால் இணைப்பு வரும்போது நீர்ப்பரப்பில் தெறித்து வரும் அலை நேரே வரும் அலையைக் குழப்பும். உயர்ந்த அலைவரிசை என்றால் மாரி மழையும் விழுங்கும். பாடப்புத்தகத்தில் உள்ள விஷயம், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் வாவியைக் கடக்க எங்களுக்கு இப்போது பாலங்கள் இருக்கின்றன. தெற்கே பட்டிருப்பு, நடுவில் 2014இல் திறந்த மண்முனை, வடக்கே வலையிறவு. அதற்கும் வடக்கே செங்கலடியில் இருந்து கரடியனாறு பக்கம் போகும் பதுளை வீதி தரைவழி. மண்முனைப் பாலம் வரும்வரை நாங்கள் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரை போனோம். பாதை பழுதானால் அன்றைக்கு ஊருக்குள்ளேயே இருக்க வேண்டியதுதான். ஒரே வழியை நம்பி இருப்பது எப்படி இருக்கும் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு பாலத்தால் மட்டும் ஃபைபர் இழுத்துவிட்டு வேலை முடிந்தது என்று போகாதீர்கள். இரண்டு பாலங்களால் இழுத்து, படுவான்கரைக்குள் ஒரு வளையமாக மூடினால், ஓரிடத்தில் தண்ணீர் அரித்தாலும் பெக்கோ வெட்டினாலும் மற்றப் பக்கத்தால் ஓடும்.

குடும்பிமலைப் பக்கம் மாதிரித் தூரத்து இடங்களுக்கு ஃபைபர் உடனே வராது என்று விளங்குகிறது. அங்கே தாழ்ந்து சுற்றும் செய்மதி உதவும். ஸ்டார்லிங்குக்கு 2024இல் அனுமதி கொடுத்தாயிற்று. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் பழைய வகைச் செய்மதியைக் கொண்டுவந்து தலையில் கட்டிவிடாதீர்கள். ஏறி இறங்கவே கால் செக்கன் போகும், பேச்சு ஒன்றின் மேல் ஒன்று விழும்.

காசு இல்லை என்பீர்கள். வெளிநாட்டில் இருந்து வரும் அழைப்புகளின் மேல் தொலைத்தொடர்பு அபிவிருத்திக் கட்டணம் என்று ஒன்று கிராமப்புறத் தொடர்பாடலின் பெயரால் அறவிடப்பட்டு வந்திருக்கிறது. எங்கள் ஊரில் மூன்றாம் வீட்டுக்கு ஒரு பெண்ணாவது குவைத்திலோ சவூதியிலோ வேலை செய்துவிட்டு வந்தவர். "அம்மா சாப்பிட்டியா" என்று அவர்கள் கேட்ட நிமிடங்களும் அந்தக் கணக்கில் இருக்கும். அதில் ஒரு பங்கைக் கேட்பது பிச்சையில்லை.

2020 ஊரடங்கில் ஆஸ்பத்திரிகளுக்குப் போக முடியாத நோயாளருக்குக் கிளினிக் மருந்தைத் தபாலில் அனுப்பினார்கள். எங்கள் தபால்காரர் சைக்கிளில் வந்து, பெயரைக் கூப்பிட்டு, அம்மாவின் கையில் பொதியைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஏற்பாட்டை யோசித்தவர் மருந்து போய்ச்சேர வேண்டிய கையில் இருந்து பின்னோக்கி யோசித்திருக்கிறார். அதே மாதிரி நீங்களும் புண் கட்டும் அறையில் இருந்து தொடங்கி டவர் பக்கம் போயிருந்தால் இந்த மடலுக்கு வேலை இருந்திருக்காது.

நான் கேட்பவை இவை. வெட்டிய பெயரைப் பட்டியலில் திரும்பச் சேருங்கள். சேர்க்க முடியாது என்றால் எந்த அளவீட்டை வைத்து வெட்டினீர்கள் என்பதை எழுத்தில் தாருங்கள். படுவான்கரையில் உள்ள ஒவ்வொரு சிறிய ஆஸ்பத்திரியிலும் கிளினிக் நாளில், நோயாளரைப் பார்க்கும் அறைக்குள் நின்று, அப்லோட், தாமதம், அறுந்த தடவைகள் மூன்றையும் அளந்து பிரதேச செயலக அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். தமிழில் ஒட்டுங்கள்.

ஃபைபர் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். கூரைக்கு மேலே ஒரு இரும்புக் குழாயில் டவரைப் பார்த்தபடி ஒரு அன்டெனா பூட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். ரூபவாஹினி பார்க்க நாங்கள் எல்லோரும் கூரையில் ஏறித் திருப்பினதுதான். இதை மூன்று மாதத்துக்குள் செய்யலாம். அறைக்குள் அப்லோட் இரண்டு மெகாபிட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இறங்கினால் யார் எத்தனை நாளில் வந்து பார்க்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். ஆஸ்பத்திரிப் போக்குவரத்துக்கு வலையில் முன்னுரிமை கொடுங்கள். டவருக்கும் ரவுட்டருக்கும் ஒரு முழு நாள் தாங்கும் பற்றரியும் சோலரும் வையுங்கள். மிஸ்மாருக்கு வேலைக்கென்று ஒரு போன், ஒரு சிம் கொடுங்கள். அவர்கள் தங்கள் காசில் ரீலோட் பண்ணி எங்கள் வருத்தத்தைப் பார்ப்பது எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது. ஃபைபர் எந்தப் பாலங்களால் எப்போது வரும் என்பதைத் தேதியோடு சொல்லுங்கள்.

அடுத்த கிளினிக் வருகிற செவ்வாய்க்கிழமை. காலை எட்டரைக்கு உங்களில் ஒருவர் வாருங்கள். அளவுகருவி கொண்டுவரத் தேவையில்லை, போன் இருந்தால் போதும். கொப்பி மிஸ்ஸின் மேசை லாச்சியில் இருக்கிறது. அம்மாவும் வருவார், புண்ணுக்கு மருந்து கட்ட.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.